ஃபேனை நிறுத்து

என் மனைவிக்குப் பேச்சு இரண்டு தடவை போனது. முதல் தடவை போனதற்குக் காரணம் மூளைக்குள் அடைத்துக்கொண்ட ஒரு ரத்தக்குழாய். அதனோடு நான் எங்கே போய்ச் சண்டை போட? இரண்டாம் தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது போனது. அதற்குக் காரணம் ஒரு செல்போன் கம்பெனி. அவர்களோடு சண்டை போட முடியும் என்று நினைத்தேன். போட்டேன்.  

அவள் போலாரத்துக்காரி. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வந்து செகந்திராபாத் பக்கமே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழில் ஆமாவுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ, ஏனுக்குக் கைக்கு என்று அந்த ஊர் உருது கறிவேப்பிலை மாதிரி விழுந்து கிடக்கும். நான் திருநெல்வேலிப் பக்கம். அதே ஊர்ப் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தவன். கல்யாணமான புதிதில், இன்னும் ஒரு கரண்டி சாதம் போடவா என்று கேட்டால் அவள் "நக்கோ" என்பாள். "வேண்டாம்னு சொன்னா வாய் வலிக்குமோ?" என்பேன். "சொல்லுதேன், செய்யுதேன்னு பேசற ஆளு எனக்குத் தமிழ் கத்துத்தர வேணாம்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். மகள் வளர்ந்து, கல்யாணமாகி பெங்களூருக்குப் போன பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை. போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். நாள் முழுக்க வகுப்பில் பேசிவிட்டு வந்து, வீட்டிலும் மிச்சம் வைக்காமல் பேசுவாள்.

பக்கவாதம் வந்து வலது கால், வலது கை, பேச்சு மூன்றையும் எடுத்துக்கொண்டது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பேப்பர் படிப்பாள். டி.வி.யில் யாராவது இங்கிலீஷைத் தப்பாகப் பேசினால் முகம் சுளிப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் சொல் வராது. சரி, இடது கையால் எழுது என்றால் அதுவும் வராது. மனசுக்குள் சொல் இருக்கிறது, வாய்க்கும் கைக்கும் வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

பேகம்பேட்டில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண் எங்களுக்கு ஒரு வழி காட்டினாள். போனில் ஒரு செயலி. அதில் படங்களை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குரலைப் பதிவு செய்யலாம். படத்தைத் தொட்டால் போன் பேசும். கடையில் விற்கும் படம் எதுவும் வேண்டாம், உங்கள் வீட்டுச் சாமான்களையே படம் எடுங்கள், அவங்க டம்ளர், அவங்க நாற்காலி, அப்போதுதான் கை தானாகப் போகும் என்றாள். நான் வேலையிலிருந்து வந்து தினமும் மாலையில் உட்கார்ந்து செய்தேன். காபி டம்ளர், தண்ணீர்ச் சொம்பு, பாத்ரூம் கதவு, மாத்திரை டப்பா, போர்வை, மூக்குக்கண்ணாடி, கூடத்து ஃபேன். ஒவ்வொன்றுக்கும் என் குரல். முதலில் தமிழில், பிறகு தெலுங்கில். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆக, என் மனைவி என் குரலில் பேச ஆரம்பித்தாள். உள்ளறையிலிருந்து ஓர் ஆண் குரல் "தண்ணி வேணும். நீள்ளு காவாலி" என்று கூப்பிட, அந்த அம்மா ஆரம்பத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். என் தெலுங்கு அப்படி.

சில மாதங்களில் அவள் விரல் படங்களைத் தேடுவதை விட்டுவிட்டது. பார்க்காமலே தொடுவாள். அடுப்படியில் யார் இருந்தாலும் கூப்பிட்டுவிடுவாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. கூடத்து ஃபேன் படத்தைத் தொட்டால் "ஃபேனை நிறுத்து" என்று சொல்லும். மார்கழிக் குளிரில், ஃபேன் ஓடாமல் நிற்கும்போதே அதைத் தொடுவாள். "ஃபேன் ஓடலியே, பாரு" என்று மேலே காட்டுவேன். என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடி தொடுவாள். மறுபடியும்.  பேச்சோடு சேர்த்துப் புத்தியும் தடுமாறுகிறதோ என்று பேகம்பேட் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன். அவளும் குறித்துக்கொண்டாள்.

இப்போது போனுக்கு வருகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் எவனும் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது போக, போன்களைப் பற்றி அடிக்கடி சர்க்குலர் வரும். ஒரு சர்க்குலர், சொந்த விஷயங்களைக்கூட வெளிநாட்டு சர்வர்களில் ஏற்றி வைக்காதே, கிளவுட் கூடாது என்றது. இன்னொன்று, பாதுகாப்பு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதே, உடனே போடு என்றது. இரண்டும் என் போனுக்கானவை. என் மனைவி தொழிற்சாலை வாசலை மிதித்ததே கிடையாது. ஆனால் எங்கள் காலனியில் யார் வீட்டில் போய்க் கேட்டாலும் இதுதான் கதை. வாசலில் ஒட்டிய சர்க்குலர் படுக்கையறை வரை வந்துவிடும். வீட்டுப் பால் கணக்கிலும் கையெழுத்துக்குக் கீழே தேதி போடுகிற ஜாதி நாங்கள். அவள் போனிலும் நான் கிளவுடை அணைத்து வைத்தேன். அவள் போனிலும் அப்டேட் வந்த அன்றே போடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த அப்டேட் "முக்கியமானது" என்றது. போட்டேன். போன் அணைந்தது, கம்பெனி முத்திரை தெரிந்தது, அணைந்தது. மறுபடி முத்திரை, ஒரு அதிர்வு, இருட்டு. இட்லியை எடுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தேன். முத்திரை, அதிர்வு, இருட்டு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள், கொடு என்று. "இரு, வந்துரும்" என்றேன்.

வரவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த போன். யாரும் கேட்காத அப்டேட். என்ன முன்னேற்றத்தை அனுப்பினார்கள் என்று அவர்கள் எழுதியிருந்ததைப் பிறகு படித்தேன். கேமராவில் முகம் இன்னும் பளிச்சென்று விழுமாம்.

நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன். ஒரு கருவிக்குள் ஓடும் புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றாலும், முதலில் பழையதை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்துவோம். புதியதை ஒரே ஒரு கருவியில் போடுவோம். அதைச் சூட்டில் வைப்போம், குளிரில் வைப்போம், குலுக்குவோம். கெட்டுப்போனால் பழையதற்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன். அவசரம் சார், டெல்லியிலிருந்து கேட்கிறார்கள் சார் என்று எவன் வந்து நின்றாலும் போட மாட்டேன். இந்த விஷயத்தில் எனக்குத் தொழிற்சாலையில் கெட்ட பெயர். அந்தக் கெட்ட பெயரை நான் பெருமையாகவே வைத்திருந்தேன். இந்தக் கம்பெனிக்காரனோ ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே நாளில் அனுப்புகிறான். திரும்பிப் போக வழியும் வைக்கவில்லை. எவன் கையெழுத்துப் போட்டான்? அவனை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று பல்லைக் கடித்தேன்.

மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "பேக்கப் இருக்கா டாடி?" இல்லை என்றேன். "ஏன் டாடி?" என்றாள். சர்க்குலர் என்றேன்.  பிறகு, புதுப் போன் ஒன்று அனுப்புகிறேன் என்றாள். அனுப்பாதே என்று கத்தினேன். புதுப் போன் வாங்கினால் அந்த அயோக்கியர்களிடம் தோற்றுப்போன மாதிரி எனக்குத் தோன்றியது. அதோடு, படங்களும் பதிவுகளும் செத்துப்போகவில்லை, அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதை எடுக்காமல் விடுவதாக இல்லை.

கஸ்டமர் கேரில் தமிழுக்கு ஓர் எண் இருந்தது. அழுத்தினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் நெடுநேரம் பொய் சொன்ன பிறகு ஒரு பையன் வந்தான்.

"சார், ஃபோனை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"தம்பி, அது காலையிலேர்ந்து அந்த ஒரு வேலையத்தான் செஞ்சிட்டிருக்கு" என்றேன்.

அவனுக்கு உறைக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கொண்டே போனான். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் சில வரிகள் வரும், அதில் தற்காலிகக் குப்பையை அழிக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள் என்றான். செய்தேன். முத்திரை, அதிர்வு, இருட்டு. அதற்குக் கீழே இருக்கிற வரி, எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதாக்குவது. "அதான் சார் ஒரே வழி" என்றான். வைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். தொழிற்சாலையிலிருந்து வருவேன். சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்காருவேன். பட்டன்களைப் பிடிப்பேன், கறுப்புத் திரைக்குப் போவேன், இங்கிலீஷ் வரிகளில் மேலும் கீழும் நகருவேன், ஒன்றும் நடக்காது. திட்டுவேன். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பேகம்பேட் பெண் போனில் விசாரித்து, பரவாயில்லை, அதுவரை அட்டையில் படம் ஒட்டிக் கொடுங்கள் என்றாள். ஒட்டிக் கொடுத்தேன். என் மனைவி அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அட்டை பேசாது. அடுத்த அறையில் இருப்பவரை அட்டை கூப்பிடாது. அதற்குப் பதிலாக ஒரு தட்டும் கரண்டியும் கட்டில் பக்கத்தில் வைத்தோம். என்ன வேண்டுமென்றாலும் தட்டுவாள். தட்டினால் நாங்கள் ஓடிப்போய், காபியா, தண்ணியா, போர்வையா என்று ஏலம் போடுவோம்.

ஏ.எஸ்.ராவ் நகர் கடைத்தெருவில் ரிப்பேர் பார்க்கிற கடையில் காட்டினேன். போன் முழித்தால்தான் உள்ளே இருப்பது திறக்கும், பூட்டும் அதிலேயே சாவியும் அதிலேயே, தனியாகக் கழற்றி எடுக்க முடியாது என்று கடைக்காரர் கையை விரித்தார். சரி, பூட்டைச் செய்தவனிடமே போகலாம் என்று ஒரு நாள் லீவு போட்டு ஸ்கூட்டரில் பேகம்பேட்டுக்குப் போனேன். கம்பெனியின் சர்வீஸ் சென்டர் அங்கே மாடியில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர், புதுப் போன் விளம்பரம் ஒரு சுவர் முழுக்க. டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண் போனைப் பார்த்ததுமே, "ஈ அப்டேட் தருவாத்த சாலா மந்திக்கி இதே சார்" என்றாள். இந்த அப்டேட்டுக்குப் பிறகு நிறையப் பேருக்கு இதே கதை என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆக, தப்பு இவர்களுடையது.

அதற்குள் பின்னாலிருந்து மேனேஜர் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சிரிப்பு. அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள்.

"ஐசா குச் நை சார். ஃபோன் பானி மே கிரா ஹோகா" என்றார்.

அப்படி எதுவும் இல்லையாம், போன் தண்ணீரில் விழுந்திருக்குமாம்.  அந்தப் போனை அவள் கழுத்தில் ஒரு பையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பாள். குளிக்கப் போகும்போது கழற்றித் தலையணை மேல் வைப்பாள். ஒரு கை முழுசாக வராத பொம்பளை அந்தப் போனை ஒரு தடவைகூடக் கீழே போட்டதில்லை. நான் எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினேன். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு வேலையைச் செய்தால் மாலைக்குள் மெமோ வரும் என்று இங்கிலீஷில் சொன்னேன். மேனேஜர் சிரிப்பை மாற்றவே இல்லை. ரீசெட் செய்தால் சரியாகிவிடும், டேட்டா போய்விடும், இஷ்டமென்றால் கொடுங்கள் என்றார். போனைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஈரமான பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொள்ளும் அம்மா அடுப்படியில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தபோது இவள் பாத்ரூம் போக வேண்டுமென்று கரண்டியால் தட்டியிருக்கிறாள். மிக்ஸி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் என்னிடம் தெலுங்கில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? உள்ளே போனேன். வேறு புடவை கட்டிவிட்டிருந்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, அந்த மேனேஜர் என்ன சொன்னான் தெரியுமா, தண்ணியில விழுந்திச்சாம், அவனை விடப் போறதில்ல, மெயில் அடிக்கேன், கோர்ட்டுக்குப் போறேன் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவள் திரும்பவே இல்லை. தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தரையில் வீசினாள். கம்பெனி மேல் அவளுக்கும் அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போலாரத்திலிருந்து அவள் அக்கா வந்தார். அவரும் அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கைக்குப் பிடிக்குமென்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல் போனை எடுத்துக் கறுப்புத் திரைக்குக் கொண்டுபோய், அதன் ஒவ்வொரு வரியையும் அவருக்குக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது என் போன் அடித்தது. நான் அனுப்பிய புகார் மெயில்களுக்குப் பதிலாகக் கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பேசினார்.

அவளுடைய போனை அந்தக் கறுப்புத் திரையோடே மேஜையில் வைத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் போனேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தக்குழாயிலிருந்து தொடங்கி மேனேஜர் வரை சொன்னேன். அவர் நடுநடுவே "புரியுது சார்" என்றார். என்ன புரிந்தது என்று கேட்டேன். "இதுல ஒரே வழி ரீசெட்தான் சார்" என்றார். "உங்க வீட்ல ஒரு பொம்பளை வாயைத் தச்சுட்டு, புது வாய் வாங்கிக்கோங்கன்னா சும்மா இருப்பேளா?" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஒரு சின்ன இசை கேட்டது. போன் முழுசாக விழித்தால் வருகிற இசை. எத்தனையோ நாளாகக் கேட்காத இசை.

திரும்பினேன். போன் அவள் இடது கையில் இருந்தது. திரை வெள்ளையாக, வெளிச்சமாக இருந்தது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கிட்டே ஓடினேன். திரையில் வணக்கம் என்ற சொல் ஒவ்வொரு மொழியாக மாறிக்கொண்டிருந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கடையிலிருந்து வாங்கி வந்த அன்று கேட்ட அதே கேள்வி.

அழித்திருந்தாள். நான் வாரம் முழுக்க அவள் கண் முன்னாலேயே அந்த வரிகளில் ஏறி இறங்கினேன் அல்லவா? எந்தப் பட்டனை அழுத்தினால் கீழே போகும், எதை அழுத்தினால் சரி என்று அர்த்தம், எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள். இங்கிலீஷ் டீச்சர். அங்கே எழுதியிருப்பது என்னவென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "என்ன காரியம் செஞ்சிருக்கே? எல்லாம் போச்சு. எத்தனை மாசம் உக்காந்து செஞ்சேன்? உனக்காகத்தானே நாய் மாதிரி அலையுதேன்?" என்று கூடம் அதிரக் கத்தினேன்.  என் மனைவி போனை மடியில் வைத்தாள். இடது கையைத் தூக்கி, ஒரு விரலால் மேலே ஃபேனைக் காட்டினாள். நல்ல குளிர். ஃபேன் நின்றுகொண்டிருந்தது.

"பாத்தேளாக்கா?" என்றேன்.  "இதத்தான் நான் சொல்லுதேன். ஓடாத ஃபேனை நிறுத்தச் சொல்லுதா. புத்தி தடுமாறுது. இதுல போனையும் அழிச்சிட்டா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். "அவ ஃபேனைச் சொல்லல மாப்ளே. உங்களச் சொல்றா. நான் வர்றப்பல்லாம் பாத்திருக்கேன். நீங்க சத்தம் போட ஆரம்பிச்சா அந்தப் படத்தை அமுக்குவா. அந்தப் போன்ல நிறுத்துன்னு சொல்ற படம் அது ஒண்ணுதானே இருந்திச்சு?"

அக்கா அதோடு விடவில்லை.

"காபி வேணும், தண்ணி வேணும், மாத்திரை வேணும்னு என்னென்னமோ வெச்சீங்க. நக்கோன்னு ஒண்ணு வெச்சீங்களா? கைக்கு வெக்கல? ஏன்? வாய் போனவளுக்கு வேணாங்கறதே வராதுன்னு நெனச்சீங்களா?"

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவள் ஊரில் ஹவ் என்று சொல்லும்போது ஆட்டுகிற மாதிரி.

"அப்பமே ஏங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

எனக்கு அந்த இடத்தில் வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் இன்னும் கோபம்தான் வந்தது. கம்பெனி மேல், அக்கா மேல், பேகம்பேட் பெண் மேல், என் மனைவி மேல். அத்தனை மாலைகள் உட்கார்ந்து செய்தவன் நான். எனக்கு நன்றி சொல்ல ஒரு படம் இருக்கிறதா என்று எவராவது கேட்டார்களா? வெளியே போய் வராந்தாவில் நின்றேன். பெட்ஷீட் காய்ந்த கயிறு காலியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவள் தட்டை எதற்கு எறிந்தாள் என்று அங்கேதான் புரிந்தது. அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு பாத்ரூம் படம். போனை அழித்திருந்தால் அதை ஐந்து நிமிஷத்தில் செய்துவிடலாம். நான் வாரம் முழுக்கச் செய்யவில்லை. பழையதை மீட்கிறேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்து, போனில் அந்தச் செயலியை மறுபடி ஏற்றினேன். முதல் படத்துக்குக் காபி டம்ளரை எடுத்து வைத்தேன். அவள் டம்ளரைத் தள்ளினாள். தன் இடது உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். டிராபிக் போலீஸ் நிறுத்துகிற மாதிரி. அசையாமல் வைத்திருந்தாள். படம் எடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு "வேண்டாம்" என்று பதிவு செய்தேன். தொட்டுக் கேட்டாள். தலையை ஆட்டினாள், இல்லை என்று. போனை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

அக்கா போனை வாய்க்கிட்டே வைத்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில், "நக்கோ" என்றார்.

அவள் தொட்டாள். கேட்டாள். மறுபடி தொட்டாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். பக்கவாதத்துக்குப் பிறகு நான் கேட்காத சத்தம்.

அன்று மாலை வரை படம் எடுத்தோம். இந்தத் தடவை எதை எடுக்க வேண்டும் என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பாத்ரூம் கதவு, சொம்பு, டம்ளர் எல்லாம் வந்தன. என் ஹெல்மெட்டைக் காட்டினாள். அதற்கு அக்கா "கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க" என்று பதிவு செய்தார். தெலுங்கிலும் அவரே சொன்னார், அவர் தெலுங்கு என்னுடையதைவிட எவ்வளவோ மேல். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் நகலெடுத்து பீரோவில் வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

கம்பெனியிலிருந்து கடைசியில் ஒரு மெயில் வந்தது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அசௌகரியமாம். எதிர்பாராமல் மழை பெய்தால் அசௌகரியம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அசௌகரியம். நான் அதற்குப் பதில் எழுதினேன், அவர்கள் பதில் எழுதவில்லை.

வெயில் காலம் வந்தது. ஒரு மாலை அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் மடியிலிருந்த போனில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிய அப்டேட், முக்கியமானது, உடனே போடவும்.

நான் எழுந்துவிட்டேன். "பாரு, வெக்கமில்லாம மறுபடி வந்து நிக்கான் பாரு. ஒருத்தி வாயை அடைச்சது பத்தாதா? இவனுகளை எல்லாம் வரிசையா நிக்க வெச்சு..." என்று ஆரம்பித்தேன். பேகம்பேட் மேனேஜர் வரை போய்விட்டேன்.

அவள் திரையைத் தொட்டாள். "நக்கோ" என்றது அக்காவின் குரல்.

"அதான், நானும் அதத்தான் சொல்லுதேன்" என்றேன். "அப்டேட் நக்கோ. எப்பவும் நக்கோ."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவள் ஒரு கணம் புருவத்தைத் தூக்கினாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். இடது கை விரலை நீட்டி, போனை அல்ல, என்னைக் காட்டினாள். மறுபடி தொட்டாள்.

"நக்கோ."

நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் தலைக்கு மேலே ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.